வேடமேற்பு விளையாட்டு முறைமையைத் தேர்ந்தெடுத்தல்

மேசை வேடமேற்பு விளையாட்டு என்பது, ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் ஆளுக்கொரு கதைமாந்தரின் வேடத்தை ஏற்று, அம்மாந்தர் பேசுவதையும் செய்வதையும் வாய்மொழியாகக் கூறி, கூட்டாக ஒரு கதையை உருவாக்கும் விளையாட்டு ஆகும். பெரும்பாலும் ஒருவர் நடத்துநராக இருப்பார். அவர் சூழலை விவரிப்பார். ஏனைய மாந்தர்களுக்குக் குரல் கொடுப்பார். ஒரு செயல் வெற்றி பெறுமா என்ற ஐயம் எழும்போது விதிகளின்படி முடிவு கூறுவார். இவ்விதிகளின் தொகுதி முறைமை எனப்படுகிறது. பல முறைமைகள் வழக்கில் இருப்பதால், தமக்குப் பொருந்துவதைத் தெரிவு செய்வதே ஒரு குழுவின் முதற்பணியாகும்.

முறைமைகளின் வேறுபாடு

இவ்வகையில் முதன்முதலாக வணிக முறையில் வெளிவந்தது, அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் (1974) ஆகும். சிறு பொம்மைகளைக் கொண்டு ஆடப்பட்ட போர் விளையாட்டுகளிலிருந்து இது தோன்றியமையால், இதன் விதிகளில் பெரும்பகுதி சண்டையைப் பற்றியதாகும்.

ஒரு முறைமை எதற்குப் பரிசளிக்கிறதோ அதையே ஆட்டக்காரர்கள் நாடுவர். இவ்விளையாட்டின் தொடக்கப் பதிப்புகளில், மீட்டு வரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் அனுபவப் புள்ளி வழங்கப்பட்டது. எனவே சண்டையைத் தவிர்த்துப் புதையலைக் கவர்ந்து வருவதே அறிவுடைமையாக இருந்தது. 2000இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அரக்கர்களையும் பிற தடைகளையும் வெல்வதற்கே புள்ளிகள் வழங்கப்பட்டன. ஆட்டத்தின் போக்கும் அதற்கேற்ப மாறியது.

பிற முறைமைகள் சில வருமாறு:

* கால் ஆஃப் கதுலு (1981): திகில் கதைகளுக்கானது. மாந்தர்கள் எளிய மனிதர்கள். அச்சுறுத்தும் காட்சிகளைக் காணும்போது அவர்களது மனநலப் புள்ளிகள் குறையும்.
* குர்ப்ஸ் (1986): எக்காலத்துக்கும் எவ்வகைக் கதைக்கும் பொதுவானது. மூன்று அறுமுகப் பகடைகளே போதுமானவை. ஆனால் மாந்தரை உருவாக்கக் கணக்கீடுகள் மிகுதி.
* பியாஸ்கோ (2009): நடத்துநர் இல்லாதது. பேராசையால் கெட்டுப்போகும் மனிதர்களின் கதை ஒரே அமர்வில் முடிந்துவிடும்.
* அபோகலிப்ஸ் வேர்ல்டு (2010): இரண்டு அறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையுடன் மாந்தரின் இயல்பெண் சேர்க்கப்படும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை வந்தால் விலை கொடுத்துப் பெறும் வெற்றி. நடத்துநர் பகடை உருட்டுவதில்லை.

கருத்தில் கொள்ள வேண்டியவை

* கதைவகை: சண்டை, துப்பறிதல், அரசியல், திகில் ஆகியவற்றுள் குழு எதை விரும்புகிறது என்பதே முதல் வினா. துப்பறிய விரும்பும் குழு, சண்டை விதிகள் நிறைந்த நூலை வாங்கினால் அந்நூலின் பெரும்பகுதி பயன்படாது.
* நடத்துநரின் சுமை: விதிகளைப் படித்து அமர்வுக்கு ஆயத்தம் செய்பவர் பெரும்பாலும் அவரே. அவருக்கு விருப்பமில்லாத முறைமை நீடிப்பதில்லை.
* நேரம்: வாரந்தோறும் கூடக்கூடிய குழுவுக்குத் தொடர்கதை ஏற்றது. எப்போதாவது கூடும் குழுவுக்கு ஒரே அமர்வில் முடியும் விளையாட்டே பொருந்தும்.
* கருவிகள்: சில முறைமைகளுக்கு 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் தேவை. இவை கிடைக்காத இடங்களில் அறுமுகப் பகடை மட்டும் போதுமான முறைமைகளைத் தேர்ந்தெடுக்கலாம்.
* மொழி: விதிநூல் ஆங்கிலத்தில் இருப்பினும் ஆட்டம் ஆங்கிலத்தில் நிகழ வேண்டியதில்லை. விதிகளை ஒருவர் அறிந்திருந்தால், ஏனையோர் தமிழிலேயே பேசி ஆடலாம். பக்கம் பக்கமாக நூலைப் புரட்ட வேண்டிய முறைமைகளில் இது கடினம். சுருக்கமான விதிகளில் எளிது.

உரிமமும் மொழிபெயர்ப்பும்

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்சின் பதிப்பாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், பிறரும் அடிப்படை விதிகளைப் பயன்படுத்த உதவும் திறந்த உரிமம் ஒன்றை 2000இல் அளித்தது. அதை மாற்ற முற்பட்டபோது 2023 சனவரியில் ஆட்டக்காரர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன் விளைவாக, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு அம்மாதமே படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடப்பட்டது. இவ்வுரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. உரிய பெயர்க்குறிப்புடன் எவரும் அத்தொகுப்பைத் தமிழில் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். எனவே பணச்செலவின்றித் தொடங்க விரும்பும் குழு, முறைமையின் உரிமத்தையும் பார்த்தல் நன்று.

முன்னமர்வு

முதல் ஆட்டத்துக்கு முன் குழுவினர் கூடிப் பேசுவது முன்னமர்வு எனப்படும். தாயம் ஆடுவோர், எந்த எண் விழுந்தால் காய் இறக்கலாம், வெட்டினால் மறு ஆட்டம் உண்டா என்று முன்னரே பேசிக்கொள்வதை இதற்கு ஒப்பிடலாம். கதைவகை, அமர்வின் நேரம், கதையில் இடம்பெறக் கூடாத செய்திகள் ஆகியன இதில் முடிவு செய்யப்படும். பின்னர், ஆயத்தமான மாந்தர்களைக் கொண்டு ஓர் அமர்வை மட்டும் வெள்ளோட்டமாக ஆடிப் பார்க்கலாம். குழு மீண்டும் மீண்டும் ஒரே விதியைப் புறக்கணித்தால், அம்முறைமை பொருந்தவில்லை என்று கொள்ளலாம்.

விதிகளை மாற்றிக்கொள்ளுதல்

முழுமையாகப் பொருந்தும் முறைமை கிடைக்காதபோது, குழுவினர் தமக்கேற்ப விதிகளைத் திருத்திக்கொள்வர். இவ்வழக்கம் மேசை விளையாட்டுகளுக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாகப் புதுச்சேரியில் இன்றும் ஆடப்படும் பெத்தாங் என்னும் இரும்புக் குண்டு விளையாட்டு, அவ்வாறு பிறந்ததே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென் பிரான்சின் லா சியோத்தா நகரில் ஆட்டக்காரர் ஒருவர் மூட்டுநோயால் ஓடி வந்து குண்டு எறிய இயலாதவரானார். அவரும் சேர்ந்து ஆடும்பொருட்டு, ஆடுகளத்தைச் சுருக்கி, கால்களை ஓரிடத்தில் ஊன்றி எறியும் விதி உருவாக்கப்பட்டது. வேடமேற்பு விளையாட்டிலும் இதுவே பொருந்தும். நூலில் உள்ளபடி ஆடுவதைவிட, வந்தமர்ந்த அனைவரும் ஆட இயலுவதே தேர்வின் அளவுகோலாகும்.