மூன்றாவது கை: தச்சு மேசையின் வரலாறு

தச்சுத் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் உளியையும் இழைப்புளியையும் ரம்பத்தையுமே பேசுகின்றனர். இவையெல்லாம் மரத்தை அறுப்பவை, செதுக்குபவை. ஆனால் அறுப்பதற்கு முன்பே தீர்க்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: மரத்தை யார் பிடித்துக்கொள்வது? இழைப்புளியைத் தள்ள இரண்டு கைகளும் வேண்டும். உளியடிக்கும்போது ஒரு கை உளிக்கு, மறு கை கொட்டாப்புளிக்கு. மரத்துக்கென்று கை எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த மூன்றாவது கையைத் தேடிய கதையே தச்சு மேசையின் கதை.

இக்கேள்விக்கு எல்லா நாடுகளும் ஒரே விடையைத் தரவில்லை. நம் நாட்டுத் தச்சர் தரையில் அமர்ந்து, பாதங்களாலும் கால்விரல்களாலும் மரத்தைப் பற்றிக்கொண்டார். அவருக்கு மூன்றாவது கை காலிலேயே இருந்தது. ஜப்பானியத் தச்சர் சாய்த்து வைத்த ஒரு கனத்த உத்திரத்தின்மேல் பலகையைக் கிடத்தி, இழைப்புளியைத் தம்மை நோக்கி இழுத்தார். ஐரோப்பியர் எழுந்து நின்று வேலை செய்யத் தலைப்பட்டபோது கால் விடுபட்டது. அதன் பணியைச் செய்ய வேறொன்று தேவைப்பட்டது.

அம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. ஜெர்மனியில் பாட் ஹோம்பர்க் நகருக்கு அருகிலுள்ள சால்பர்க் என்ற ரோமானியக் கோட்டையின் கிணற்றுச் சேற்றிலிருந்து தச்சு மேசைகள் கிடைத்துள்ளன. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவை, இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய தச்சு மேசைகளுள் அடங்கும். ஒரு கனத்த பலகை, அதில் செருகிய விரிந்த கால்கள். மேசை என்பதைவிட விசுப்பலகை என்றால் பொருந்தும். இத்தகைய தாழ்ந்த மேசையில் தச்சர் குதிரை மேல் அமர்வதுபோல் அமரலாம், மரத்தின்மேல் முழங்காலை ஊன்றலாம். தரைக்கும் நிற்பதற்கும் இடைப்பட்ட கட்டம் இது.

நின்று செய்யும் உயரமான மேசை ஐரோப்பாவில் பரவிய பின்னர், திருகின் வரவு இதன் இரண்டாம் கட்டம். நியூரம்பர்க் நகரின் மார்ட்டின் லோஃபெல்ஹோல்ஸ் 1505இல் தொகுத்த கருவிப் படச்சுவடி இன்று போலந்தின் கிராக்கோவில், யாகெல்லோனியப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அதில் மரத்திருகுகளால் இறுக்கும் பிடிகள் பொருத்திய தச்சு மேசை ஒன்றைக் காண்கிறோம். பட்டறைகளில் ‘வைஸ்’ என்று வழங்கும் திருகுப்பிடியின் மூதாதை அது.

17ஆம் நூற்றாண்டில் மேசை அச்சு நூலுக்குள் நுழைந்தது. பிரான்சில் ஃபெலிபியான் 1676இல் வெளியிட்ட கலைநூலிலும், இங்கிலாந்தில் ஜோசப் மாக்ஸன் 1678 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட தொழில்நூலிலும் தச்சு மேசையின் படங்கள் உண்டு. மாக்ஸனின் படம் ஃபெலிபியானுடையதைப் பெரிதும் ஒத்தது. ஃபெலிபியான் கலை பற்றி எழுதிய அறிஞர். மாக்ஸன் அச்சுத் தொழிலில் வல்லவர். இருவருமே தச்சுத் தொழிலால் பிழைத்தவர்கள் அல்லர். மேசையை அவர்கள் வெளியிலிருந்து பார்த்தே எழுதினர்.

உள்ளிருந்து எழுதியவர் ஆந்த்ரே ஜாக்கோப் ரூபோ. 1739இல் பாரிசில் தச்சர் குடும்பத்தில் பிறந்து, தந்தையின் பட்டறையில் சிறுவயதிலேயே தொழில் பயின்றவர். கட்டடக் கலைஞர் ப்ளோந்தெல் அவருக்கு வரைகலையும் கணிதமும் கற்பித்தார். பகலில் பட்டறையில் உழைத்த அந்த மனிதர், பிரெஞ்சு அறிவியல் கழகம் வெளியிட்ட தொழில் விவரிப்பு வரிசைக்காக, 1769 முதல் 1775 வரை ‘தச்சர் கலை’ என்னும் பெருநூலை எழுதினார். அதிலுள்ள ஏறத்தாழ நானூறு படத்தகடுகளை அவரே வரைந்தார். பலவற்றைத் தம் கையாலேயே செதுக்கினார். பாரிஸ் தானியச் சந்தையின் புகழ்பெற்ற மரக் குவிமாடத்தை 1780களில் கட்டியவரும் அவரே. 1791இல் மறைந்தார். குவிமாடம் 1802இல் எரிந்துபோயிற்று. நூல் நின்றது.

அந்நூலின் பதினொன்றாம் படத்தில் இருக்கிறது அவருடைய மேசை. எல்ம் அல்லது பீச் மரத்தாலான ஒரே பலகை. கனம் 5 முதல் 6 அங்குலம், நீளம் வழக்கமாக 9 அடி. பழைய பிரெஞ்சு அங்குலம் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் என்பதால், கனம் மட்டும் 13 சென்டிமீட்டருக்கு மேல். ஓக் மரக் கால்கள் பலகையை ஊடுருவி, அவற்றின் முனைகள் மேற்பரப்பிலேயே தெரியும். உயரம், வேலை செய்பவரின் தொடையின் மேற்பகுதிக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது அவர் தரும் விதி. இழைப்புளியைத் தோள்வலியால் மட்டும் தள்ளாமல் உடலின் பாரத்தையும் சேர்த்துத் தள்ளுவதற்கு இந்தத் தாழ்வு உதவும்.

இவ்வளவு பெரிய மேசையில் இருக்கும் பிடிகருவிகளோ மிகச் சில. மேசையின் இடக்கோடியில் ஒரு துளை, அதில் மேலும் கீழும் தட்டி நகர்த்தக்கூடிய ஒரு மரமுளை. அதன் தலையில் பற்களுள்ள ஓர் இரும்பு. பலகையை அதில் முட்டவைத்து இழைத்தால், இழைப்புளி தள்ளும் விசையே பலகையை முளையோடு சேர்த்து அழுத்துகிறது. பிடிப்பது தனிக் கருவியன்று. வேலையின் விசையே தனக்கான பிடியாகிவிடுகிறது. அடுத்தது, கைத்தடி போல வளைந்த ஓர் இரும்பு. அதன் தண்டை மேசைத் துளையில் இட்டு, தலையில் ஓர் அடி கொடுத்தால் தண்டு துளைக்குள் சாய்ந்து இறுகி, வளைந்த நுனி மரத்தை அழுத்திக்கொள்ளும். பின்புறம் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். பிரெஞ்சுத் தச்சர்கள் இதற்கு இட்ட பெயர் ‘வாலே’, அதாவது பணியாள். பலகையின் விளிம்பை இழைப்பதற்கு மேசையின் முன்புறம் ஒரு கொக்கி உண்டு. முன்கால்கள் மேசை விளிம்போடு ஒரே தளத்தில் நிற்பதால், கதவு போன்ற நீண்ட பொருளையும் அவற்றின்மேல் சாத்தி நிறுத்த முடிகிறது.

கனம் ஆடம்பரத்துக்காக அன்று என்பது இப்போது விளங்கும். திருகுகள் செய்ய வேண்டிய வேலையைப் பாரம் செய்கிறது. மேசை அசைந்தால் முளையும் பயனற்றது, பணியாளும் பயனற்றவன்.

19ஆம் நூற்றாண்டில் இயந்திரங்கள் பலகைகளை இழைத்துத் தரத் தொடங்கியதும், இந்தப் பாரத்துக்கான காரணம் மறைந்தது. கைவேலையின் களமாயிருந்த மேசை, பெருமளவுக்குப் பாகங்களைப் பூட்டும் இடமாக ஒடுங்கியது. பலகை மெலிந்தது, அதன் குறையை ஈடுசெய்ய இரும்புத் திருகுப்பிடிகள் பெருகின.

வீட்டுத் தச்சருக்கோ மெலிந்த மேசைக்கும் இடமில்லை. ரான் ஹிக்மன் என்பவர் லோட்டஸ் எலான் காரை வடிவமைத்த பொறியாளர். 1961இல் வீட்டில் அலமாரி செய்கையில் நாற்காலியை மேசையாகப் பயன்படுத்தி, விலையுயர்ந்த அந்த நாற்காலியையே அறுத்துவிட்டார். அதிலிருந்து பிறந்தது, மடித்துச் சுவரில் மாட்டக்கூடிய ‘வொர்க்மேட்’. இரண்டு மேற்பலகைகளே அதன் திருகுப்பிடி. நிறுவனங்கள் முதலில் அதை ஏற்க மறுத்தன. தாமே செய்து விற்றார். 1970களில் பிளாக் அண்ட் டெக்கர் உற்பத்தியை மேற்கொண்ட பிறகு அது கோடிக்கணக்கில் விற்றது. அதன் அடியில் ஒரு படி இருக்கிறது. இலேசான அந்த மேசை நகராதிருக்க, அறுப்பவர் அப்படியில் ஒரு காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். பாரம் போனதும் கால் மறுபடி வேலைக்கு வந்துவிட்டதைக் கவனிக்கலாம்.

ஆயினும் கையால் இழைக்க விரும்பியவர்களுக்கு இது போதவில்லை. அமெரிக்கத் தச்சு இதழொன்றின் ஆசிரியராயிருந்த கிறிஸ்டோபர் ஷ்வார்ஸ், 2005இல் ரூபோவின் படத்தைப் பார்த்து ஒரு மேசை செய்தார். ஒற்றைப் பெரும்பலகைக்குப் பதிலாக, வீடு கட்டப் பயன்படும் மலிவான பைன் சட்டங்களை ஒட்டிக் கனத்தைப் பெற்றார். 2007இல் அவருடைய தச்சு மேசை நூல் வெளிவந்தபின், வாகனக் கொட்டகைகளிலும் நிலவறைகளிலும் ரூபோவின் மேசை மீண்டும் எழுந்தது. கனத்த பலகை, முன்புறத்தோடு ஒரே தளத்தில் நிற்கும் கால்கள், ஒரு முளை, இரண்டு பணியாட்கள், காலோடு சேர்ந்த ஒரு மரத்திருகு: வீட்டில் மேசை செய்யப் புகுவோருக்கு இன்றும் இந்தப் பட்டியல் போதுமானது. மற்றவற்றை வேலை கேட்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து ஒரு பொருள் திரும்பி வந்ததற்கு, ஒரு தச்சர் அதை எழுதி வைத்ததே காரணம். நம்மிடமும் நூல்கள் உண்டு. மயமதமும் மானசாரமும் அளவைகளைச் சொல்லும், மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும். ஆனால் தரையில் அமர்ந்த தச்சரின் எந்த விரல் எந்தக் கோணத்தில் மரத்தைப் பற்றியது என்பது, மகன் தந்தையைப் பார்த்துக் கற்ற பாடம். மகன் வேறு வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் அப்பாடம் தந்தையோடு முடிந்துவிடும். அங்கே எரிவதற்குக் குவிமாடமும் இல்லை, எஞ்சுவதற்குப் பதினொன்றாம் படமும் இல்லை. அப்படத்தை வரைவதற்கு, அந்தப் பாதங்களின் அருகில் அமர்ந்து பார்க்க யாரேனும் முன்வர வேண்டும். அவர்கள் வேலையை விடுவதற்கு முன்.