வாய்த்தது

'ஹாப்பி' என்ற வார்த்தையை 'மகிழ்ச்சி' என்று பெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதன் அர்த்தம் அதிர்ஷ்டம் வாய்த்தவன் என்பதே. பழைய நார்ஸ் மொழியின் 'ஹாப்' அதற்கு வேர். அதிர்ஷ்டம் என்று பொருள். அசம்பாவிதத்தைச் சொல்லும் 'மிஸ்ஹாப்'பும் அதே வேரில் முளைத்தது.

நம் 'மகிழ்' வேறு. சங்கப் பாடல்களில் அது கள்ளையும் கள் தரும் களிப்பையும் குறிக்கும். ஒன்று வெளியிலிருந்து வாய்ப்பது; மற்றது உள்ளே ஏறுவது.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. வேலை பெற்றவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014 நவம்பரில் ஆலை நின்றது. வேலை கிடைத்ததையும் போனதையும் அந்த ஒரே வேர் சொல்லிவிடுகிறது. இரண்டையும் தீர்மானித்தவர்கள் அவர்கள் அல்ல. அவர்களுடைய 'ஹாப்பி'க்கு 'மகிழ்ச்சி' சரியான தமிழாகாது. 'வாய்த்தது' என்று வேண்டுமானால் சொல்லலாம்.