கார்புரேட்டர் மேல பழி போடாதீங்க - ஒரு ராஜ்தூத் 350 கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டிருந்த மேட்டர். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, தள்ளிப்போயிட்டே இருந்துச்சு. போன மாசம் மாமாவோட ராஜ்தூத் 350 எஞ்சினைப் பிரிச்சு கையெல்லாம் கிரீஸ் ஆனதுக்கு அப்புறம், இப்ப எழுதலைன்னா எப்பவுமே எழுத மாட்டோம்னு உக்காந்துட்டேன். வண்டி புடிக்காத மக்கள் கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இதுல வரலாறும் இருக்கு :-)

பிரச்சனை இதுதான். ஐடிலிங்ல இடது சிலிண்டர் அடிக்காது. வலது பக்க சைலன்ஸர் பைப் தொட்டா சுடும், இடது பைப்ல தண்ணி தெளிச்சா சும்மா ஓடி வழியும். 3500 ஆர்.பி.எம். தாண்டினா ரெண்டும் சேர்ந்து பாட ஆரம்பிச்சிடும். அப்புறம் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஆர்.பி.எம். உடனே இறங்காது, கொஞ்ச நேரம் மேலயே தொங்கிட்டு நிக்கும். மெக்கானிக் அண்ணன் ஒரே வார்த்தைதான் சொன்னார். "கார்ப்பரேட்டர்தான் தம்பி, கழட்டி க்ளீன் பண்ணிடலாம்." மூணு தடவை க்ளீன் பண்ணியாச்சு. மூணாவது தடவை ஒரு சைஸ் பெரிய பைலட் ஜெட் போட்டார். கொஞ்சம் பரவால்ல ஆச்சு. அந்த "கொஞ்சம் பரவால்ல"தான் எவ்வளவு ஆபத்துன்னு கடைசில சொல்றேன்.

முதல்ல, ரெண்டு சிலிண்டருக்கு எதுக்கு ரெண்டு கார்புரேட்டர்?

கார்புரேட்டர்ங்கிறது அடிப்படையில ஒரு குறுகலான குழாய். காத்து அந்தக் குறுகல்ல வேகமா ஓடும்போது அங்க அழுத்தம் குறையும், கீழ கிண்ணத்துல இருக்கற பெட்ரோல் மேல இழுபடும். ஒரே கார்புரேட்டர்ல இருந்து ரெண்டு சிலிண்டருக்குப் பிரிச்சு விட்டா விலை மிச்சம், ட்யூனிங் தொல்லையும் மிச்சம். ஆனா பாதை வளையும், நீளும், பவர் போயிடும். ஆளுக்கு ஒண்ணுன்னு நேரா குடுத்தா ஒவ்வொரு சிலிண்டரும் வயிறு நிறைய மூச்சு விடும். அதுக்கு விலையும் உண்டு. ரெண்டும் ஒரே நேரத்துல, ஒரே அளவு திறக்கணும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் ஐடிலிங்ல ஒருத்தன் வேலை செய்வான், இன்னொருத்தன் அவன் தோள்ல தொங்குவான். (நம்ம புராஜெக்ட் டீம் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை.)

இதுல பெரிய கம்பெனிகளே தடுமாறியிருக்காங்க. 1969-ல ஹோண்டா சி.பி.750 வந்தப்போ அதுல நாலு சிலிண்டர், நாலு கெய்ஹின் கார்புரேட்டர். முதல்ல வந்த வண்டிகள்ல கைப்பிடியில இருந்து வர்ற ஒரு கேபிள் நாலாப் பிரிஞ்சு ஒவ்வொரு கார்புரேட்டரையும் தனித்தனியா இழுக்கும். நாலு கேபிளும் ஒரே மாதிரி நீளுமா? நீளாது. அடுத்து வந்த கே1 மாடல்லயே அதைத் தூக்கிட்டு, நாலையும் ஒரே தண்டுல சேர்த்து, இழுக்க ஒண்ணு, தள்ள ஒண்ணுன்னு ரெண்டு கேபிள் போட்டாங்க.

யமஹா அந்த வழிக்குப் போகலை. ஆர்.டி.350 1973 மாடலா வந்தப்போ அதுல 28 மி.மீ. மிகுனி ரெண்டு. கைப்பிடி கேபிள் ஒரு ஜங்ஷன்ல வந்து மூணாப் பிரியும். ரெண்டு கார்புரேட்டருக்கு, மூணாவது ஆயில் பம்ப்புக்கு. இந்த மூணாவதை மறந்துட்டு மத்த ரெண்டை மட்டும் அட்ஜஸ்ட் பண்ணினவங்க நிறைய பேர் பிஸ்டன் வாங்கப் போயிருக்காங்க.

மிகுனியோட பூர்வீகம் இங்கிலாந்து. அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ்னு மூணு கம்பெனி 1920-கள்ல ஒண்ணா சேர்ந்து அமால் ஆச்சு. பழைய பிரிட்டிஷ் வண்டி எதைத் தொட்டாலும் அமால்தான். 1960-ல மிகுனி அமாலோட தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டுது. ஒரு வட்டமான ஸ்லைடு மேல கீழ போகும், அதோட ஒரு ஊசி தொங்கும், அவ்வளவுதான் டிசைன். பத்து வருஷத்துல பிரிட்டிஷ் வண்டிகளைத் தூக்கி சாப்பிட்ட ஜப்பான்காரன் வண்டிகள்ல பலதோட வயித்துல இருந்தது பிரிட்டிஷ் வடிவமைப்போட வாரிசு! அதே மிகுனியோட கூட்டு வச்சுத்தான் எண்பதுகள்ல நம்ம சென்னையில யூகால் ஆரம்பிச்சாங்க. புல்லட்ல மிக்கார்ப்னு எழுதியிருக்கற கார்புரேட்டரைப் பார்த்திருப்பீங்களே, அது அந்தக் குடும்பம்தான்.

சரி, ஆர்.டி. இந்தியாவுக்கு வந்த கதை. எஸ்கார்ட்ஸ் கம்பெனி அதுவரைக்கும் செஞ்சிட்டிருந்தது போலந்து எஸ்.எச்.எல். டிசைன்ல வந்த ராஜ்தூத் 175. பால்காரர் வண்டின்னு சொல்லுவாங்களே, அது. அவங்க 1983-ல திடீர்னு ராஜ்தூத் 350-ஐக் கொண்டு வந்து நிறுத்தினாங்க. 347 சி.சி., ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பான்ல பிறந்தது 39 குதிரைசக்தி. இங்க வந்தது 30.5. முன்னாடி டிஸ்க் பிரேக்குக்குப் பதில் டிரம். அந்தக் காலத்து 350 புல்லட் 18 குதிரைசக்திதான்னு ஞாபகம் வச்சுக்கோங்க. குறைச்சுக் குடுத்தும் ரோட்டுல அதைத் தொட ஆளில்லை.

ஆனா நம்ம ஊர்க்காரங்க முதல்ல கேட்ட கேள்வி உங்களுக்கே தெரியும். எவ்வளவு குடுக்கும்? லிட்டருக்கு இருபது, இருபத்தஞ்சுன்னா எவன் வாங்குவான்? இன்னும் அடக்கி 27 குதிரைசக்தில ஒண்ணு விட்டாங்க. பழசு ஹெச்.டி., புதுசு எல்.டி. - ஹை டார்க், லோ டார்க். அப்பவும் ஓடலை. 1985-ல ஆர்.எக்ஸ்.100 வந்து, கம்மி பெட்ரோல்ல கிட்டத்தட்ட அதே கிளுகிளுப்பைக் குடுத்துடுச்சு. எண்பதுகள் முடியும்போது 350-யும் முடிஞ்சு போச்சு.

என் கருத்தைக் கேட்டா, வண்டியைக் கொன்னது மைலேஜ் மட்டும் இல்லை. இந்தச் சிக்கலான மிருகத்தை ட்யூன் பண்ணத் தெரிஞ்ச கைகள் ரொம்பக் கம்மி. ஒரு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர், ஒரு பாயின்ட்னு பழகின மெக்கானிக் முன்னாடி ரெண்டு கார்புரேட்டர், ரெண்டு செட் பாயின்ட், ஆயில் பம்ப், ரீட் வால்வுன்னு வந்து நின்னா அவர் என்ன பண்ணுவார்? இன்னொரு பக்கம், சோழவரம் ரன்வேல ரேஸ் பார்த்துட்டு வந்த பசங்க 'குறைச்ச பவரைத் திருப்பி எடுக்கறேன்'னு ஏர் ஃபில்டரைக் கழட்டி எறிஞ்சாங்க, சைலன்ஸரை மாத்தினாங்க, ஜெட்டை மட்டும் மாத்தலை. காத்து கூடுச்சு, பெட்ரோல் அதே அளவு. கலவை லீன் ஆச்சு. லீன் ஆனா சூடு ஏறும், பிஸ்டன் விரிஞ்சு சிலிண்டரைக் கவ்விக்கும். எண்பதுல போகும்போது பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கும். ஆர்.டி.ன்னா 'ரேபிட் டெத்'னு பேர் வந்ததுல பிரேக்குக்கு ஒரு பங்கு, வேகத்துக்கு ஒரு பங்கு, இந்த லீன் கலவைக்கும் ஒரு பங்கு உண்டுன்னு நான் நம்பறேன்.

இப்ப நம்ம வண்டிக்கு வருவோம். மாமா இதை எண்பதுகள்ல புதுசா வாங்கினவர். ஒரு தடவை பிஸ்டன் கவ்வி விழுந்து, இன்னிக்கும் இடது முழங்கைல தழும்போட இருக்கறவர். அவர் சொன்னார், "மாப்ள, கார்ப்பரேட்டரைக் கடைசியாத் தொடு."

அதனால முதல்ல கரண்ட். ஸ்பார்க் பிளக்கை இடம் மாத்திப் பார்த்தோம், பிரச்சனை இடது பக்கமே நின்னுச்சு. காயில் மாத்தினோம், அப்பவும் அங்கயே. ரெண்டு பாயின்ட்டையும் துடைச்சு, இடைவெளி வச்சு, டைமிங் பார்த்தோம். சரியா இருந்துச்சு. இந்த மாத்திப் போட்டுப் பார்க்கற வசதிதான் ரெண்டு சிலிண்டர்ல கிடைக்கற ஒரே போனஸ். ஒரு பக்கம் நல்லா ஓடுதுன்னா உங்க கையிலயே ஒரு நல்ல சாம்பிள் இருக்கு. பொட்டி தட்டறவனுக்கு இது புரியும். ஓடற சர்வரையும் ஓடாத சர்வரையும் பக்கத்துல வச்சு ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பார்க்கற மாதிரி.

அடுத்தது ஸ்லைடு. ஏர் ஃபில்டர் பக்கத்தைக் கழட்டிட்டு, ரெண்டு கார்புரேட்டர் வாயிலயும் ஒரே அளவு டிரில் பிட்டை ஸ்லைடுக்கு அடியில வச்சு, கேபிளை மெதுவா இழுத்தா ரெண்டும் ஒரே நொடியில தூக்கணும். தூக்குச்சு. கிண்ணத்துல பெட்ரோல் மட்டம் சரி. பைலட் ஜெட் ஓட்டையில வெளிச்சம் தெரிஞ்சுது. ரெண்டு இன்டேக்கையும் இணைக்கற ரப்பர் குழாய் வெடிச்சிருந்துச்சு, மாத்தினோம். கொஞ்சம் முன்னேற்றம். ஆனா ஆர்.பி.எம். தொங்கறது நிக்கலை.

தொங்கற ஆர்.பி.எம்.னா எங்கயோ திருட்டுக் காத்து உள்ள வருதுன்னு அர்த்தம். டூ ஸ்ட்ரோக்ல கார்புரேட்டர் கலவை நேரா சிலிண்டருக்குப் போறதில்லை. பிஸ்டன் மேல போகும்போது கீழ கிராங்க் கேஸ்ல வெற்றிடம் உண்டாகி அங்கதான் இழுபடும், பிஸ்டன் இறங்கும்போது அழுத்தி மேல தள்ளப்படும். அதாவது கிராங்க் கேஸே ஒரு பம்ப். அந்த பம்ப் காத்துப்புகாம இருக்கறது கிராங்க் முனைகள்ல இருக்கற ரப்பர் ஆயில் சீலாலதான். ஆர்.டி.ல வலது சீல் போனா கியர் ஆயிலைக் குடிச்சு வெள்ளைப் புகை விடும், ஊருக்கே தெரியும். இடது சீல் போனா அந்தப் பக்கம் ஆல்டர்னேட்டரும் பாயின்ட்டும்தான், ஆயில் இல்லை. வெறும் காத்து உள்ள போகும். புகை வராது, சத்தம் வராது. ஒருத்தருக்கும் தெரியாது.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பர் வச்சு அடைச்சிட்டு, கைப்பம்புல ஒரு ஆறு பி.எஸ்.ஐ. காத்து ஏத்தணும். சில நிமிஷமாவது நிக்கணும். எங்களுது பதினஞ்சு செகண்ட்ல காலி. இடது கவரைக் கழட்டி சீல் மேல சோப்புத் தண்ணி விட்டா, சின்னப் பையன் ஊதற மாதிரி முட்டை முட்டையா வருது!

மூணு தடவை க்ளீன் பண்ணின கார்புரேட்டர் மேல தப்பே இல்லை. பெரிய பைலட் ஜெட் என்ன பண்ணுச்சுன்னா, ஐடிலிங்ல மட்டும் கூடுதல் பெட்ரோல் குடுத்து அறிகுறியை மறைச்சுது. ஐடிலிங் தாண்டினா பைலட் ஜெட்டுக்குப் பெருசா பங்கு இல்லை, ஊசியும் மெயின் ஜெட்டும்தான் ஆளும். அங்க இடது சிலிண்டர் லீனாவே ஓடிட்டிருந்துச்சு. நான் அடுத்த வாரம் அதை எடுத்துட்டு ஜி.எஸ்.டி. ரோட்டுல விழுப்புரம் வரைக்கும் போறதா இருந்தேன். பிஸ்டனைக் கழட்டிப் பார்த்தப்போ எக்ஸாஸ்ட் பக்கம் நாலு நேர்கோட்டுக் கீறல். ஏற்கனவே ஒரு தடவை லேசா கவ்வப் பார்த்திருக்கு. மாமா அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒண்ணும் பேசலை.

இன்னொரு விஷயமும் கணக்குல எடுத்தோம். இப்ப பங்க்ல வர்றது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து வேணும்னா, இதுக்கு 13.5 போதும். அப்போ 1980-கள் ஜெட்டோட இருக்கற கார்புரேட்டர் நல்லா இருந்தாலும் கொஞ்சம் லீனாத்தான் ஓடும். அதோட எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், தண்ணியை உறிஞ்சி கிண்ணத்துக்கு அடியில தேக்கும். அதனால மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏத்தினோம், பிளக் நிறம் பார்த்து. சாம்பல் வெள்ளையா இருந்தது இப்ப ரெண்டு பக்கமும் பழுப்பு. வண்டியை ஒரு மாசம் நிறுத்தினா கிண்ணத்தைக் காலி பண்ணிடறது.

சீல் ரெண்டும் புதுப்பேட்டையில கிடைச்சுது. மாத்த எஞ்சினை இறக்க வேண்டியதாப் போச்சு, ரெண்டு சனி ஞாயிறு காலி. மெக்கானிக் அண்ணன் கிட்ட சோப்பு முட்டையை வீடியோ எடுத்துக் காட்டினேன். கோவிச்சுக்குவாரோன்னு பயந்தேன். ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, "அந்தக் காத்தடிக்கற செட்டப்பை எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு தம்பி"ன்னார். பி.வி.சி. மூடியும் பழைய டியூப் வால்வும் வாங்கி வச்சிருக்கேன். இந்த ஞாயித்துக்கிழமை செய்யணும்.