யூ-பூட் வழி ஃபிளாஷ் நினைவகத்தை அழித்தல்

யூ-பூட் என்பது திசைவி போன்ற உட்பொதி கருவிகளில் இயக்குதளத்தை ஏற்றித் தொடக்கும் கட்டற்ற பூட்லோடர் ஆகும். பிபிசிபூட் எனப்பட்ட இது 2002 இல் இப்பெயர் பெற்றது.

நார் வகை ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுதல் பிட்டுகளை 1 இலிருந்து 0 ஆக மட்டுமே மாற்றும். மீண்டும் 1 ஆக்க, தொகுதி முழுவதையும் அழிக்க வேண்டும். எனவே புதிய நிலைப்பொருளை எழுதுமுன் "புரொடெக்ட் ஆஃப்" கட்டளையால் காப்பை நீக்கி, "இரேஸ்" கட்டளையால் உரிய முகவரிகள் அழிக்கப்படுகின்றன.

பூட்லோடரும் பெரும்பாலும் இதே நினைவகத்திலேயே உள்ளது. முகவரி தவறினால் அதுவும் அழியும். எனினும் யூ-பூட் தன்னை ரேம் நினைவகத்திற்குப் படியெடுத்துக்கொண்டு இயங்குவதால், மின்சாரத்தை நிறுத்தாமல் மீண்டும் எழுதிக் கருவியைக் காப்பாற்றலாம். நிறுத்திவிட்டால் கருவி தொடங்காது. பின்னர் ஜேடேக் போன்ற வன்பொருள் இடைமுகம் தேவைப்படும்.