பீநட்ஸ் படக்கதையில் பிராங்க்ளின்

பீநட்ஸ் என்பது அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பற்றி அமெரிக்க நாளிதழ்களில் வெளிவந்த படக்கதைத் தொடர். சார்லஸ் சூல்ஸ் வரைந்த இது 1950 அக்டோபர் 2 அன்று ஏழு நாளிதழ்களில் தொடங்கியது. வேர்க்கடலை என்று பொருள்படும் இப்பெயரைச் சூட்டியது விநியோக நிறுவனம். சூல்சுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை.

தோற்றுக்கொண்டே இருக்கும் சார்லி பிரவுன், அதட்டும் லூசி, போர்வையை விடாத லைனஸ், நாய் ஸ்னூப்பி ஆகியோர் வாழும் அந்தத் தெருவில் 1968 வரை ஒரு கறுப்பினக் குழந்தை இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாள்களில், லாஸ் ஏஞ்சல்ஸ் ஆசிரியை ஹாரியட் கிளிக்மன் அக்குறையைச் சுட்டி சூல்சுக்குக் கடிதம் எழுதினார். சூல்ஸ் தயங்கினார்; மேலிருந்து தயவு காட்டுவதாகக் கறுப்பின மக்கள் நினைத்துவிடுவார்களோ என்பது அவரது அச்சம். கிளிக்மன் விடவில்லை. தம் கறுப்பின நண்பர்களையும் எழுதச் செய்தார்.

ஜூலை 31 அன்று பிராங்க்ளின் வந்தான். கடலில் மிதந்துபோன சார்லி பிரவுனின் பந்தை எடுத்துத் தருகிறான். இருவரும் மணல்கோட்டை கட்டுகிறார்கள். அவன் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தந்தை வியட்நாமில் இருப்பதாக மட்டும் சொல்கிறான்.

வெள்ளையினக் குழந்தைகளோடு அவன் வகுப்பறையில் அமர்ந்திருப்பதைத் தென்மாநிலப் பத்திரிகையாசிரியர் ஒருவர் ஆட்சேபித்தார். சூல்ஸ் பதிலே எழுதவில்லை. ஆனால் மற்றவர்களுக்கு வாய்த்த வேடிக்கையான குறைகள் பிராங்க்ளினுக்குக் கிடைக்கவில்லை. கடைசிவரை நல்ல பிள்ளையாகவே இருந்துவிட்டான்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் சூல்ஸ் 17,897 படக்கதைகளை வரைந்தார். 2000 பிப்ரவரி 12 அன்று அவர் இறந்தார். கடைசி ஞாயிறு படக்கதை மறுநாள் வெளியானது.