கார்னகி அரங்கில் புரூபெக் நால்வர்

டேவ் புரூபெக் நால்வர் குழு 1963 பிப்ரவரியில் நியூயார்க் கார்னகி அரங்கில் நடத்திய கச்சேரி, ஜாஸ் ரசிகர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் மேடைப் பதிவுகளில் ஒன்று. பியானோவில் புரூபெக், ஆல்டோ சாக்ஸபோனில் பால் டெஸ்மண்ட், டபுள் பேஸில் யூஜின் ரைட், டிரம்ஸில் ஜோ மொரெல்லோ. இந்த நால்வரும் சேர்ந்திருந்த 1958 முதல் 1967 வரையிலான காலமே குழுவின் பொற்காலம் என்று ரசிகர்கள் சொல்வார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் இக்குழு செய்த இசைத்தட்டுகள் பல. விற்பனையில் அவையே முன்னால் நிற்கின்றன. ஆனால் இக்குழுவை உருவாக்கியது மேடை. அதன் முதல் புகழும் மேடையில்தான் வந்தது, அதன் சிறந்த இசையும் அங்கேதான் பிறந்தது.

புரூபெக் 1920-இல் கலிபோர்னியாவின் கான்கார்டு நகரில் பிறந்தார். தந்தை மாட்டுப்பண்ணை நடத்தியவர். தாய் பியானோ ஆசிரியை. மகன் கால்நடை மருத்துவம் படிக்கப் போய், பாதியில் இசைக்கு மாறினார். இசைக் குறியீட்டைப் பார்த்து வாசிக்க அவருக்குத் தெரியாது என்பது கல்லூரிக்குத் தெரியவந்தபோது பட்டமே கைநழுவப் பார்த்தது. ஒருபோதும் இசை ஆசிரியராகப் போவதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகே பட்டம் கிடைத்தது. போர்க்காலத்தில் ஐரோப்பாவில் படைவீரராக இருந்தபோது அவர் அமைத்த இசைக்குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே வாசித்தார்கள். அன்றைய அமெரிக்கப் படையில் அது அரிது. போருக்குப் பின் ஓக்லண்டின் மில்ஸ் கல்லூரியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டேரியுஸ் மியோவிடம் பயின்றார். ஜாஸை விட்டுவிடாதே என்று ஊக்கம் கொடுத்தவர் அவர். புரூபெக் தம் மூத்த மகனுக்கு டேரியுஸ் என்றே பெயர் வைத்தார்.

நால்வர் குழு 1951-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. அந்த ஆண்டுதான் ஹவாய்க் கடலில் குதித்தபோது புரூபெக்குக்குக் கழுத்தில் பலத்த அடிபட்டது. விரல்கள் முன்போல வேகமாக ஓடாததால், கை நிறைய சுரங்களை ஒன்றாக அழுத்தி வாசிக்கும் கனத்த நடை அவரிடம் வலுத்தது. அதற்கு நேர்மாறாக டெஸ்மண்டின் சாக்ஸபோன் மெலிந்து, இழைந்து, அவசரமின்றி ஒலிக்கும். இந்த இரண்டு குணங்களும் ஒன்றையொன்று தேடிப் போவதே குழுவின் அழகு.

அப்போது ஜாஸ் இரவு விடுதிகளின் இசையாக இருந்தது. மது, புகை, மேசைப் பேச்சு, இவற்றுக்கு நடுவேதான் வாசிக்க வேண்டும். சான்பிரான்சிஸ்கோவின் பிளாக்ஹாக் விடுதியில் புரூபெக் குழுவும் அப்படித்தான் வாசித்தது. வேறு வழி கண்டவர் புரூபெக்கின் மனைவி அயோலா. அவர் மேற்குக் கரையிலுள்ள கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாகக் கடிதம் எழுதி, உங்கள் மாணவர்களுக்காக வந்து வாசிக்கிறோம் என்று கேட்டார். அழைப்புகள் வரத் தொடங்கின. வயதும் பணமும் இல்லாததால் விடுதிக்குள் நுழைய முடியாத மாணவர்கள், வாயை மூடி உட்கார்ந்து கேட்கும் கூட்டமாக அமைந்தார்கள். ஜாஸ் வரலாற்றில் இந்தக் கடிதங்களுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. கச்சேரி கேட்பது போல ஜாஸ் கேட்கும் ஒரு தலைமுறையை அவைதான் உண்டாக்கின.

1953 மார்ச் 2 அன்று ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரித் தேவாலய மண்டபத்தில் நடந்த கச்சேரி இதற்கு முதல் சாட்சி. ஓபர்லின் மேற்கத்திய செவ்வியல் இசைக்குப் பெயர்போன இடம். அப்போது ஜாஸுக்கு அங்கே பாடத்திட்டத்தில் இடமில்லை. அன்று டிரம்ஸ் வாசித்தவர் காய்ச்சலோடு அமர்ந்திருந்தார். ஆனாலும் பதிவைக் கேட்டால், டெஸ்மண்ட் ஒரு சுற்று மனோதர்மம் முடித்ததும் மாணவர்கள் ஆரவாரம் செய்வது தெளிவாகக் கேட்கிறது. அடுத்த சுற்றில் அவர் இன்னும் துணிந்து போகிறார். கேட்பவர்கள் கொடுக்கும் உற்சாகம் கலைஞரின் மூச்சை எப்படி நீட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு கிடைப்பது கடினம்.

1954-இல் கல்லூரிக் கச்சேரிகளிலிருந்து தொகுத்த இசைத்தட்டை கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. அந்த நவம்பரில் டைம் இதழின் அட்டையில் புரூபெக்கின் முகம் வந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங்குக்குப் பிறகு அந்த அட்டைக்கு வந்த இரண்டாவது ஜாஸ் கலைஞர் அவர்தான். டென்வர் நகர விடுதியில் அந்த இதழைக் கையில் கொண்டுவந்து அவருடைய அறைக் கதவைத் தட்டியவர் டியூக் எலிங்டன். தம்மைவிடப் பெரியவரான எலிங்டனுக்கு முன்பே தமக்கு இந்த மரியாதை கிடைத்துவிட்டதே என்ற கூச்சத்தைப் புரூபெக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். விமர்சகர்களில் ஒரு பகுதியினர் அப்போதிருந்தே அவரைக் கடிந்தார்கள். பியானோவில் இடிக்கிறார், ஜாஸுக்குரிய ஸ்விங் என்னும் துள்ளல் இல்லை என்றார்கள். அந்தக் குறையில் ஓரளவு உண்மை உண்டு. ரசிகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதும் உண்மை.

மொரெல்லோ 1956 கடைசியில் குழுவில் சேர்ந்தார். சிறுவயதில் வயலின் வாசித்துப் பெயர் வாங்கியவர். பிறவியிலேயே கண்பார்வை மிகவும் குறைவு. பின்னணியில் மெல்லத் தாளம் பிடித்தால் போதும் என்பது டெஸ்மண்டின் விருப்பம். ஆனால் சேர்ந்த புதிதில் சிகாகோ விடுதி ஒன்றில் மொரெல்லோவின் தனி வாசிப்புக்குக் கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, டெஸ்மண்ட் மேடையை விட்டே இறங்கிப் போய்விட்டார். குழு உடையும் நிலை வந்தது. புரூபெக் விட்டுக்கொடுக்கவில்லை. காலப்போக்கில் அந்த இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். டெஸ்மண்ட் எழுதிய மிகப் புகழ்பெற்ற இசையே மொரெல்லோவின் கைக்காக எழுதப்பட்டதுதான்.

1958-இல் சிகாகோக்காரரான யூஜின் ரைட் வந்தார். நால்வரில் அவர் ஒருவரே கறுப்பர். அந்த பிப்ரவரியில் வட கரோலினாவின் ஒரு கல்லூரியில் ரைட் மேடையேறக் கூடாது என்று நிர்வாகம் சொன்னது. அவர் இல்லாமல் வாசிக்க மாட்டோம் என்றார் புரூபெக். உள்ளே மாணவர்கள் தரையைக் காலால் உதைத்து ஓசை எழுப்பியபடி காத்திருந்தார்கள். கடைசியில், ரைட் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. கச்சேரி தொடங்கியதும் புரூபெக், உங்கள் ஒலிவாங்கி பழுதாகிவிட்டது, முன்னால் வந்து இதில் வாசியுங்கள் என்று ரைட்டை மேடையின் முன்பகுதிக்கே அழைத்துவிட்டார். மாணவர்கள் ஆர்ப்பரித்தார்கள். 1960-இல் தென் மாநிலக் கல்லூரிகளில் திட்டமிட்ட 25 கச்சேரிகளில் பெரும்பாலானவை ரைட்டை மாற்ற மறுத்ததால் ரத்தாயின. பண இழப்பைக் குழு ஏற்றுக்கொண்டது.

அதே 1958-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை இக்குழுவை நீண்ட பயணத்துக்கு அனுப்பியது. போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், ஈராக் என்று அது போனது. போலந்தில் ரசிகர்கள் ஊர் ஊராகக் குழுவின் பின்னால் வந்தார்கள்; அவர்களுக்கு நன்றியாகப் புரூபெக் ஓர் இசை அமைத்து, போலிஷ் மொழியில் நன்றி என்னும் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். இஸ்தான்புல் தெருவில் நாட்டுப்புறக் கலைஞர்கள் ஒன்பது எண்ணிக்கைத் தாளம் ஒன்றை 2, 2, 2, 3 என்று பிரித்து வாசிப்பதைக் கேட்டார். 'ப்ளூ ரோண்டோ அ லா துர்க்' அதிலிருந்து வந்தது. சென்னையில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைக் குழுவினர் சந்தித்தார்கள். ஒன்பதையும் ஐந்தையும் ஏழையும் அன்றாடம் கையில் வைத்திருக்கும் ஒரு மரபை அவர்கள் நேரில் பார்த்தது அங்கேதான். அன்றைய ஜாஸ் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையிலும் எப்போதாவது மூன்றிலும் ஓடிக்கொண்டிருந்தது.

பயணத்தின் பலன் 1959-இல் வெளிவந்த 'டைம் அவுட்' இசைத்தட்டு. கேட்டுப் பழகிய பாட்டு ஒன்றுகூட இல்லை, தாளங்களும் வழக்கத்துக்கு மாறானவை, அட்டையிலோ நவீன ஓவியம் என்று நிறுவனத்தின் விற்பனைப் பிரிவினர் தயங்கினார்கள். அதில் டெஸ்மண்ட் எழுதிய 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் அமைந்தது. கர்நாடக இசையில் கண்ட சாபு இரண்டும் மூன்றுமாக விழும். இது மூன்றும் இரண்டுமாக விழுகிறது. மொரெல்லோவின் டிரம்ஸ் தனிவாசிப்புக்கு ஒரு சட்டகமாகத்தான் அது முதலில் நினைக்கப்பட்டது. வானொலியில் ஒலிக்க ஒலிக்கக் கேட்போர் பெருகினர். 1961-இல் ஜனரஞ்சகப் பாடல்களுக்கான அமெரிக்கப் பட்டியலில் அது 25-ஆம் இடத்தைத் தொட்டது. பாட்டில்லாத, ஐந்து எண்ணிக்கையில் ஓடும் ஒரு ஜாஸ் இசைக்கு அது யாரும் எதிர்பாராத இடம்.

இந்த முன்கதையெல்லாம் சேர்ந்துதான் கார்னகி அரங்கின் அந்த இரவு அமைந்தது. 1891-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் சுமார் 2,800 இருக்கைகள். திறப்பு விழாவில் சாய்கோவ்ஸ்கியே வந்து தம் இசையை நடத்தினார். 1938-இல் பென்னி குட்மன் அங்கே ஜாஸை மேடையேற்றினார். 1963 பிப்ரவரியிலோ நியூயார்க் நாளிதழ்கள் வேலைநிறுத்தத்தால் முடங்கிக் கிடந்தன. 114 நாட்கள் நீடித்த அந்த நிறுத்தத்தின் நடுவில் விளம்பரத்துக்கும் வழியில்லை, விமர்சனத்துக்கும் வழியில்லை. இருந்தும் ரசிகர்கள் வந்து சேர்ந்தார்கள்.

கச்சேரி 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' என்ற பழைய பாட்டில் தொடங்குகிறது. தெரிந்த மெட்டில் தொடங்கிக் கூட்டத்தை அமர்த்திவிட்டுப் பிறகு புதியவற்றுக்குப் போவது நம் சபாக் கச்சேரிகளிலும் காணும் முறைதான். 'த்ரீ டு கெட் ரெடி'யில் மூன்று எண்ணிக்கை இரண்டு சுற்றும், நான்கு எண்ணிக்கை இரண்டு சுற்றும் மாறி மாறி வருகின்றன. டெஸ்மண்டின் 'இலெவன் ஃபோர்' பதினொன்றில் ஓடுகிறது. 'கிங் ஃபார் எ டே' ரைட்டின் பேஸுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடம். தென் மாநிலங்களில் பின்னால் ஒதுங்கி நிற்கச் சொல்லப்பட்டவரின் விரல்களை மட்டுமே நாட்டின் முதன்மையான அரங்கு முழுவதும் அமைதியாகக் கேட்கிறது.

நடுநாயகமாக இருப்பது 'காஸ்டிலியன் டிரம்ஸ்'. ஏறத்தாழ 14 நிமிடம். இதுவும் ஐந்து எண்ணிக்கையே. மற்ற மூவரும் தாளத்தை நிலைநிறுத்திவிட்டு விலக, மொரெல்லோ தனியே நிற்கிறார். தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. முதலில் அடிகளுக்கு நடுவே இடைவெளி விடுகிறார். ஒரு சொல்லைச் சொல்லி, அதையே வேறு தோலில், வேறு ஓசையில் திருப்பிச் சொல்கிறார். ஓசை இறங்கி இறங்கி மிகவும் மெலியும்போதும் அரங்கம் அசையவில்லை. பிறகு மெல்ல ஏறி, உச்சத்தில் குழு உள்ளே நுழைந்து முடிக்கும்போது எழும் கைதட்டல், திகைப்பும் மகிழ்ச்சியும் கலந்தது.

கடைசியில் 'ப்ளூ ரோண்டோ', அதைத் தொடர்ந்து 'டேக் ஃபைவ்'. இசைத்தட்டில் இருப்பதைவிட இங்கே ஓட்டம் மிக வேகம். கூடத்தில் பதிவு செய்தபோது ஐந்தை எண்ணி எண்ணி வாசித்த கவனம் தெரியும். நான்கு ஆண்டுகள் மேடையில் வாசித்த பிறகு அந்த எண்ணிக்கை உடம்பில் ஊறிவிட்டது. டெஸ்மண்ட் தாளத்தின் மேல் சாய்ந்தும் விலகியும் போய்வருகிறார். அரங்கிலிருந்தவர்களுக்கும் அது ஊறிவிட்டிருந்தது என்பதுதான் இந்தப் பதிவின் சிறப்பு. 1959-இல் விற்காது என்று அஞ்சப்பட்ட தாளத்தை, 1963-இல் முதல் அடியிலேயே அடையாளம் கண்டு வரவேற்கும் கூட்டம் உருவாகியிருந்தது. இசைத்தட்டை விரும்புபவர்கள் இந்த மேடைப் பதிவை அதைவிட அதிகமாக விரும்பக் காரணம் இதுவே.

நால்வரின் கடைசிக் கச்சேரி 1967 டிசம்பர் 26 அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்தது. அதன் ஒலிநாடா நெடுங்காலம் வெளிவராமல் கிடந்து 2011-இல் இசைத்தட்டானது. 1976-இல் வெள்ளிவிழாவுக்காக நால்வரும் மறுபடி கூடினார்கள். டெஸ்மண்ட் மறு ஆண்டே புற்றுநோயால் இறந்தார். மொரெல்லோ 2011-லும், புரூபெக் தம் 92-ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் 2012 டிசம்பர் 5 அன்றும் மறைந்தார்கள். ரைட் 2020 டிசம்பர் 30 அன்று 97 வயதில் காலமானார். அமெரிக்க வழக்கில் மே 4-ஆம் தேதியை 5/4 என்று எழுதுவார்கள். 'டேக் ஃபைவ்' தாளத்தின் குறியீடும் அதுவே என்பதால் ரசிகர்கள் அந்த நாளைப் புரூபெக் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

டெஸ்மண்ட் திருமணமாகி மணமுறிவுக்குப் பின் தனியாகவே வாழ்ந்தவர். தம் இசைப் படைப்புகளின் உரிமைத் தொகையை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு உயில் எழுதி வைத்தார். 'டேக் ஃபைவ்' ஈட்டும் தொகை அந்தச் சங்கத்துக்கே போகிறது.