வராந்தாவில் விழுந்த குண்டு

1956 ஜனவரி 30, திங்கட்கிழமை இரவு. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் நிறப்பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்துகளைப் புறக்கணித்து எட்டு வாரங்கள் ஆகியிருந்தன. ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் ஆலயத்தில் அன்றும் கூட்டம் நிரம்பி வழிந்தது. காணிக்கை எடுக்கும் நேரத்தில், மேடையோரம் சிலர் கிசுகிசுப்பதை மார்ட்டின் லூதர் கிங் கவனித்தார். அவரைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார்கள். வற்புறுத்திக் கேட்ட பிறகே நண்பர் ரால்ஃப் அபெர்நதி வாய் திறந்தார். கிங்கின் வீட்டில் குண்டு வீசிவிட்டார்கள். மனைவியும் குழந்தையும் பிழைத்தார்களா என்று கேட்டார் கிங். விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு மேல் எவராலும் சொல்ல முடியவில்லை.

கிங்குக்கு அப்போது வயது 27. டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சபையின் போதகர், இந்தப் போராட்டத்தின் தலைவர். கூட்டத்தினரிடம் செய்தியைச் சொல்லி, அமைதியாக வீட்டுக்குப் போகும்படி கேட்டுக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் மனைவி கொரெட்டாவும் சபையைச் சேர்ந்த ஒரு பெண்ணும் முன்னறையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வராந்தாவில் ஏதோ கனமாக வந்து விழும் சத்தம். கதவைத் திறந்து எட்டிப் பார்க்காமல் இருவரும் பின்பக்கம் விரைந்ததுதான் உயிரைக் காப்பாற்றியது. அடுத்த கணம் வெடித்தது. வராந்தாத் தூண் பிளந்தது, முன்னறை முழுக்கக் கண்ணாடிச் சில்லு. பத்து வாரக் குழந்தை யோலாண்டா பின்னறையில் பத்திரமாக இருந்தாள்.

கிங் வந்து சேர்ந்தபோது நூற்றுக்கணக்கானோர் தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கத்தி, கட்டை, உடைந்த பாட்டில், சிலரிடம் துப்பாக்கி. விலகிப் போகச் சொன்ன போலீஸ்காரரிடம் ஒருவர், உன்னைப் போலவே என்னிடமும் துப்பாக்கி இருக்கிறது, மோதிப் பார்க்கலாமா என்று கேட்டார். மேயர் கேயிலும் போலீஸ் கமிஷனர் செல்லர்ஸும் வீட்டுக்குள் நின்று வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். இருவருமே அதே ஜனவரியில் நிறவெறி அமைப்பான வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தில் சேர்ந்தவர்கள். போராட்டக்காரர்களிடம் இனி கண்டிப்புதான் என்று ஒரு வாரம் முன்பு அறிவித்திருந்தார் மேயர். சபை நிர்வாகி ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: இந்தச் சூழலை உருவாக்கியது நீங்கள்தான்.

அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று எவர் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். நான்கு மாதங்களுக்கு முன்புதான் பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனைக் கொன்றவர்களை, வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி விடுதலை செய்திருந்தது. சட்டம் தங்களுக்காகப் பேசாது என்று அனுபவித்து அறிந்த மக்கள் அவர்கள்.

சிதைந்த வராந்தாவில் நின்று கிங் கையை உயர்த்தினார். தெரு அடங்கியது. மனைவியும் குழந்தையும் நலம் என்று முதலில் சொன்னார். ஆயுதம் கொண்டுவந்தவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள், இல்லாதவர்கள் தேடாதீர்கள் என்றார். பகைவரை நேசிக்கச் சொன்ன இயேசுவின் கட்டளையை நினைவூட்டினார். தன்னைத் தடுத்தாலும் இந்த இயக்கம் நிற்காது, தேவன் நம்மோடு இருக்கிறார் என்று முடித்தார். கூட்டத்திலிருந்து ஆமென் எழுந்தது. அடுத்துப் பேச வந்த கமிஷனரை மக்கள் கூச்சலிட்டு அடக்கப் பார்த்தபோது, அவர் சொல்வதையும் கேளுங்கள் என்று அமைதிப்படுத்தியவரும் கிங்தான். அந்தப் போதகர் இல்லாவிட்டால் நாங்கள் செத்திருப்போம் என்று ஒரு போலீஸ்காரர் பிறகு சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

அன்பைப் பற்றிப் பேசிய ஒருவரின் சொல்லுக்கு, ஆயுதம் ஏந்திய கூட்டம் ஏன் கட்டுப்பட்டது? அது அவர்களுக்குப் புதிய சொல்லே அல்ல என்பதுதான் என் பதில். இயேசுவின் அந்தக் கட்டளை இடம்பெறும் மலைப்பிரசங்கத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் அவர்கள். அடிமைக் காலத்தில் அவர்களின் பாட்டன்மார்களைத் தாங்கிப் பிடித்ததும் அந்த வேதம்தான். அதன் மிகக் கடினமான வாக்கியத்தை, இப்போதே செய்து காட்டுங்கள் என்று அன்றிரவு கேட்டவரோ, தன் குழந்தையைப் பறிகொடுத்திருக்க வேண்டியவர். பிரசங்க பீடத்திலிருந்து சொல்லியிருந்தால் அதே வார்த்தைகளுக்கு அந்தக் கனம் இருந்திருக்காது.

அதற்காக, கிங்குக்குச் சினமே வரவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அன்றிரவு நண்பர் வீட்டில் படுத்தபோது, மனைவியும் மகளும் செத்திருப்பார்களே என்ற நினைப்பில் வெறுப்பு பொங்கி வந்ததையும், தன்னைத் தானே பிடித்து நிறுத்தியதையும் அவரே எழுதியிருக்கிறார். துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதியும் கேட்டார், கிடைக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குள் காவலுக்குத் துப்பாக்கிகள் வந்தன. பிப்ரவரியில் அங்கு வந்த அகிம்சைப் போராளி பேயர்ட் ரஸ்டின், உடன் வந்த பத்திரிகையாளர் ஒரு நாற்காலியில் உட்காரப் போகும்போது பதறித் தடுத்தார். இருக்கையில் கைத்துப்பாக்கி கிடந்தது! காந்திய வழி பற்றிய நீண்ட உரையாடல்கள் தொடர்ந்தன. கொரெட்டாவோடும் பேசிய பிறகே கிங் துப்பாக்கியை அடியோடு கைவிட்டார். அந்த மாதங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். வராந்தாவில் ஒரே இரவில் சொன்னதை, வீட்டுக்குள் வாழ்ந்து பழகிக்கொள்ள அவருக்கு அத்தனை நாள் தேவைப்பட்டது.

பிப்ரவரி 1 இரவு, போராட்டத்தின் மற்றொரு தலைவர் ஈ. டி. நிக்சனின் வீட்டிலும் குண்டு வெடித்தது. அதே நாளில் இளம் வழக்கறிஞர் ஃபிரெட் கிரே, பேருந்து நிறப்பாகுபாட்டை எதிர்த்து மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்காடியவர்கள், பேருந்தில் அவமதிக்கப்பட்ட பெண்கள். ஜூன் 5-இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. டிசம்பர் 21 காலை கிங் பேருந்தில் ஏறி முன்வரிசையில் உட்கார்ந்தார். அமெரிக்கச் சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கின் பெயர் ‘பிரவுடர் எதிர் கேயில்’. அந்தக் கேயில், குண்டு வெடித்த இரவில் கிங்கின் வீட்டுக்குள் நின்ற மேயர்தான்.